வெறும் கிளாஸில் நின்ற புகை

என் கணவருடைய மரண அறிவித்தலில் "முன்னாள் ஹோட்டல் ஊழியர்" என்று அச்சடித்திருந்தார்கள். பொய்யில்லை. ஆனால் ஹோட்டலில் எந்த மூலையில் நின்றார் என்று எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. "பார் எண்டு போட்டால் வாசிக்கிற சனம் வேற மாதிரி நினைக்குமக்கா" என்று என் தம்பி தங்கரத்தினம்தான் தடுத்தான். அவன் குடிக்கிறவன். குடிக்காத மனிதரின் பெயர் கெட்டுவிடக்கூடாது என்று அவன் கவலைப்பட்டதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

என் கணவர் கனகசுந்தரம் உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும் ஒரு ஹோட்டலின் பாரில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கலியாணமாகவில்லை. அந்த வேலையை விடும்போது மகளுக்குக் கலியாணமாகிப் பேரப்பிள்ளையும் கிடைத்திருந்தது. வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுச் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவார். வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அது நான் போட்ட கட்டளை. சாமியறை உள்ள வீட்டில் அந்த மணம் வரக்கூடாது என்று கலியாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். ஒரு நாளும் முகம் சுளித்தவரில்லை. மாரி மழையிலும் கிணற்றடியில் நின்று வாளியால் ஊற்றிக்கொண்டு, "ராணி, சாமி குளிக்கச் சொல்லுதோ, நீர் சொல்லுறீரோ?" என்று கத்துவார்.

அந்த நாட்களில் இவரும் குடித்தவர்தான். வேலை முடிந்தபின், அளவாக. மகள் நிரோஜினிக்கு மூன்று வயதிருக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்தது. சண்டைக் காலம். கொழும்புக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை. பிள்ளை பெரியாஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். இவர் நேரே காளி கோவிலுக்குப் போய், சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

"வெறிக்கிற சாமான் ஒண்டும் இனி என்ர வாயில படாது எண்டு அம்மாளுக்குச் சொல்லிப்போட்டு வந்திட்டன்."

பிள்ளை கண் திறந்தாள். இவர் சொன்ன சொல்லில் நின்றார். நத்தாருக்கு ஹோட்டலில் கொடுக்கிற கிறிஸ்மஸ் கேக்கைக்கூட மூக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிரண்டி விட்டிருக்கிறாங்கள்" என்று காகத்துக்கு வைத்துவிடுவார்.

ஆனால் தொழில் அதுதானே. விடவும் ஏலாது. வாயை மூடிக்கொண்ட மனிதருக்கு மூக்கு மட்டும்தான் மிஞ்சியது. எந்தப் போத்தலைத் திறந்தாலும் கொஞ்சம் கிளாஸில் விட்டு மணந்து பார்ப்பார். மற்றவர்கள் நாக்கால் தேடுவதை இவர் மூச்சால் தேடப் பழகினார். அதில் ஒரு சந்தோசமும் வந்துவிட்டது. வீட்டில் வந்து அதைச் சொல்ல இவருக்கு வேறு ஆளில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டு, கேட்டும் கேளாத மாதிரி இருப்பேன்.

மாசி மாதம்தோறும் ஸ்கொட்லாந்திலிருந்து அலெக் என்று வயதான ஒருவர் அந்த ஹோட்டலுக்கு வருவார். அவருடைய தகப்பன் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே துறைமுகத்தில் கப்பற்படையில் இருந்து செத்தவர். நிலாவெளி ரோட்டில் உள்ள யுத்த மயானத்தில் புதைத்திருக்கிறது. அலெக் ஊரிலிருந்து விஸ்கி கொண்டுவந்து, அந்தக் கல்லறைப் புல்லில் ஒரு மூடி ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பாரில் வந்திருந்து குடிப்பாராம்.

"அப்ப வெள்ளைக்காரருக்கும் எட்டு இருக்கோ?" என்று கேட்டேன். எங்களில் ஒருவர் மோசம்போனால் எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, குடிக்கிறவர் என்றால் சாராயமும் வைத்துப் படைப்போம். அதைத்தான் எட்டு என்கிறது.

"எங்களுக்கு ஒருக்கா. அந்தாளின்ர தகப்பனுக்கு வருசாவருசம்" என்றார் இவர்.

அலெக் கொண்டுவருகிற விஸ்கி மற்றவற்றைப் போல இல்லையாம். கடல் சூழ்ந்த ஒரு தீவில் வடிப்பது.

"அங்க சதுப்பு நிலத்தில புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருசமா மக்கி மண்ணாக் கிடக்கும் ராணி. பீற் எண்டு சொல்லுறது. அதைச் செங்கல்லு மாதிரி வெட்டிக் காயவைச்சு எரிப்பாங்கள். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையிலதான் காயப்போடுறது. புகை ஒருக்கா தானியத்துக்குள்ள இறங்கினால் பிறகு போகாது. வடிச்சாலும் போகாது. பீப்பாவுக்குள்ள வருசக்கணக்கா வைச்சாலும் போகாது."

"எங்கட கருவாடு மாதிரியெண்டு சொல்லுங்கோவன்."

"கருவாட்டு மணமும் இருக்கு" என்றார், சிரிக்காமல். நான்தான் சிரித்தேன்.

கொரோனாவுக்கு முந்திய மாசியில் அலெக் பெரிய போத்தல் ஒன்று கொண்டுவந்தார். பீப்பாவுக்குள் இருபத்தைந்து வருடம் கிடந்தது. இரண்டு பேரும் பாரில் இருந்து திறந்தார்கள். அலெக் குடித்தார், இவர் மணந்தார். போகும்போது அவர் மிச்சத்தை இவருடைய கையில் கொடுத்து, குடிக்காத ஆளிடம் கொடுத்தால் கனநாள் இருக்கும் என்று பகிடி சொன்னாராம். அடுத்த மாசி அவர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எங்களுக்குள் சண்டை.

"அலுமாரிக்குள்ள வைக்க ஏலாது. அலுமாரிக்கு மற்றப் பக்கம் சாமியறை."

"சுவர் இருக்குதெல்லோ?"

"சுவருக்கு மூக்கில்லை. அம்மாளுக்கு இருக்கு."

கடைசியில் என் பழைய தையல் மெஷின் பெட்டிக்குள் வைப்பதென்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் இவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். அடி குண்டாய், வாய் ஒடுங்கிய ஒரு சின்னக் கிளாஸ் வைத்திருந்தார். விளிம்பில் சிறு உடைவு என்று ஹோட்டலில் எறிந்ததை எடுத்துவந்தது. அதில் ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டு, உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டி, மூக்கருகில் கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஒரு துளி தண்ணீர், பொறுத்து இன்னொரு துளி. மறுபடியும் மூக்கு. எல்லாம் முடிந்ததும் சின்னப் புனல் வைத்து, சொட்டு நிலத்தில் விழாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றிவிடுவார். விடியும்வரை கிளாஸைக் கழுவ விடமாட்டார். விடிய எழும்பி அந்த வெறும் கிளாஸை ஒருக்கால் மணப்பார். "இதிலதான் கடைசி மணம் நிக்கும்" என்பார்.

தங்கரத்தினம் ஒரு ஞாயிறு வந்து, இவரைக் கெஞ்சி ஒரு மிடறு வாங்கினான். வாயில் விட்டவன் முற்றத்துக்கு ஓடித் துப்பினான்.

"அத்தான், இது டெட்டோல்! ஆஸ்பத்திரியில நிலம் துடைக்கிற மணம்! அக்கா, ஸ்பிரைட் இருந்தால் கொண்டா, கலந்து பாப்பம்."

"ஸ்பிரைட்டோ? அதுக்கு நீ என்ர கன்னத்தில அடிச்சிட்டுப் போ."

"நல்ல மனிசன். உலகத்தில மூக்கால குடிக்கிற ஒரே ஆள் எங்கட அத்தான்தான். வெறிச்சால் தும்மல்தான் வரும்" என்றான் தம்பி. இவர் உண்மையாகவே தும்மினார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் எங்கள் வீட்டுக்கும் கொரோனா வந்தது. எனக்குக் கடும் காய்ச்சல். இவருக்கு இருமல்கூட இல்லை. தப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நான் எழும்பி நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு நாள், கிணற்றடியில் நின்று திரும்பி வந்து பார்த்தால் குசினி முழுக்கப் புகை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

இவர் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய் மெஷின் பெட்டியைத் திறந்தார். கிளாஸில் விட்டபோது கொஞ்சம் வெளியில் சிந்தியது. கிளாஸை மூக்கில் முட்டுமட்டும் வைத்து இழுத்தார்.

"தண்ணி" என்றார். "தண்ணி மாதிரிக் கிடக்குது ராணி."

ஹோட்டல் திறந்ததும் வேலைக்குப் போனார். ஒருவருக்கும் சொல்லவில்லை. அளவுகள் கைக்குத் தெரியும், சமாளிக்கலாம் என்று நினைத்தார். ஒரு நாள் ஒரு பெண்ணுக்குத் தேங்காய்ப்பால் விட்ட பானம் கலந்து கொடுத்தார். பால் புளித்துப்போயிருந்தது. அந்தப் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை மெதுவாகத் தள்ளி வைத்ததாம். சத்தம் போடவில்லை. "ஏசியிருந்தால் பரவாயில்லை" என்றார் இவர். அந்தக் கிழமையே வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்த அன்றும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

ஆஸ்பத்திரியில் மூக்கு, தொண்டை பார்க்கிற டொக்டர் நல்ல மனிதர். நரம்பு மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்கு வருடம் எடுக்கும், மூக்குக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார். கராம்பு, தேசிக்காய், ஏலக்காய், தைலம் இவற்றைக் காலையும் பின்னேரமும் மணந்து பார்க்க வேண்டும். மணந்துகொண்டே அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைக்கவும் வேண்டும். இவர் அந்த வரிசையில் ஐந்தாவதாக விஸ்கிக் கிளாஸை வைத்தார்.

நினைக்கிறதுதான் இவருக்குக் கஷ்டமாக இருந்தது. கராம்பை நினைக்க முடிந்தது. அந்தப் புகையை நினைக்க முடியவில்லை. ஒரு பின்னேரம் கிளாஸை என் பக்கம் நீட்டினார்.

"நீர் மணந்து சொல்லும்."

"நானோ? எனக்குக் குமட்டும்."

"குடிக்கச் சொல்லேல்ல ராணி. மணந்து சொன்னால் எனக்கு ஞாபகம் வரும்."

நான் சாமியறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "தாயே, மன்னிச்சுக்கொள்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிளாஸை வாங்கினேன். சுருக்கென்று கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஆஸ்பத்திரி" என்றேன்.

இவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "சரி! அதுதான் முதல் வரும். அதை விட்டிட்டுப் பொறும். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மெல்ல இழும். பிறகு?"

"தார். வள்ளத்துக்குப் பூசுற தார்."

"பிறகு?"

"தேங்காய்ப் பொச்சு எரியிற புகை. மழையில நனைஞ்ச பொச்சை எரிச்சால் வருமே, அப்பிடி."

"ஓம், ஓம். இப்ப ரெண்டு துளி தண்ணி விடும். அவசரப்படாதேயும். பிறகு?"

தண்ணீர் விட்டதும் அது மாறியது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. புகை பின்னுக்குப் போய், உள்ளேயிருந்து ஒரு இனிப்பு வந்தது. "பனங்கட்டி" என்றேன். "கொஞ்சம் கருகின பனங்கட்டி. கதலிப்பழமும் இருக்கு, தோல் கறுத்த பழம்."

"இளசெண்டால் புகை மட்டும்தான் நிக்கும்" என்றார் இவர். "இது வயசுபோனது. புகை அடங்கி மற்றதுக்கு வழிவிடும்."

அன்றிலிருந்து அது எங்கள் பின்னேர வேலையாயிற்று. நான் மணப்பேன். இவர் "பிறகு?" என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல இவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த மணத்தைத் தேடுவார். வாழ்நாள் முழுக்கக் கிணற்றடியில் கழுவவைத்த மணத்தை நானே மூக்கில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் போத்தல் இளைத்துக்கொண்டு வந்தது. அளவில் அல்ல. திறந்த போத்தல் எங்கள் வெக்கையில் கனகாலம் நில்லாது என்று இவரே சொன்னார். தக்கையும் பொடியத் தொடங்கியதால் பொலித்தீன் சுற்றி இறுக்கி வைத்தோம். வருடங்கள் போகப் போக நான் சொல்லும் பெயர்கள் குறைந்தன. முதலில் கதலிப்பழம் போனது. பிறகு ஆஸ்பத்திரி மணம் மெலிந்தது. நான் மறைக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன்.

"எனக்கு வாறதுக்கிடையில அது போயிடும் போல கிடக்கு" என்றார் ஒரு நாள்.

இன்னொரு போத்தல் வாங்க எங்களால் முடியாது. முடிந்தாலும் அது அலெக்கினுடையது அல்ல. போத்தலில் மணம் இருக்கும்போதே இவருக்கு மூக்குத் திரும்ப வேண்டும். என் வேண்டுதல் அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைகளில் பட்டினி இருந்து காளி கோவிலுக்குப் போகத் தொடங்கினேன். விஸ்கி மணக்க வேண்டும் என்று அம்பாளிடம் கேட்கிற ஒரே பெண் நான்தான் என்று நினைப்பேன். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும். "அவருடைய மூக்கைக் குடு தாயே" என்று மட்டும் சொல்வேன்.

போன வருடம் புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோவிலால் வந்து பூத்தட்டை வைக்கிறேன், இவர் மெஷின் பெட்டிக்கு முன்னால் கிளாஸோடு இருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ராணி" என்றார். "வந்திட்டுது. புகை வந்திட்டுது."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன். எழும்பி இவருடைய நெற்றியில் திருநீறு பூசினேன். அப்போதுதான் கையில் இருந்த கிளாஸைப் பார்த்தேன். அது வெறும் கிளாஸ். முதல் நாள் நான் சவுக்காரம் போட்டுக் கழுவி, மதில்மேல் வெயிலில் காயவைத்த கிளாஸ். போத்தல் பெட்டிக்குள்ளேயே சுற்றினபடி கிடந்தது. வெறும் கிளாஸில்தான் கடைசி மணம் நிற்கும் என்று இவரே சொல்கிறவர் அல்லவா, எங்கேயாவது ஒட்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அம்பாள் தந்த நேரத்தில் கேள்வி கேட்கலாமா?

அடுத்த வெள்ளி கோவிலில் பொங்கினோம். நிரோஜினி வவுனியாவிலிருந்து பிள்ளையோடு வந்தாள். தங்கரத்தினம் பானையைச் சுற்றிச் சுற்றி வந்து, "அத்தான், பொங்கல் மணக்குதோ?" என்று கேட்டபடியே நின்றான். "புகை மணக்குது" என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். விறகடுப்புத்தானே.

பிறகு இவருக்கு எல்லாவற்றிலும் புகை மணக்கத் தொடங்கியது. சோற்றில் புகை. கிணற்றுத் தண்ணீரில் புகை. கேஸ் திறந்து கிடக்கிறதோ என்று குசினிக்குப் போய்ப் போய்ப் பார்ப்பார். "கூடிப்போச்சு, இனி மெல்ல அளவுக்கு வரும்" என்பார். நான் செவ்வாய் விரதத்தை விடாமல் பிடித்தேன். மாரி முழுக்க அப்படியே போனது. தையில் ஒரு காலை சைக்கிளை வெளியே எடுத்தவர், வாசல் படலையடியில் வலிப்பு வந்து விழுந்தார். வாயில் நுரை தள்ளியது.

இங்கே ஸ்கேன் எடுத்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். மூளையில் கட்டி. மணத்தை அறிகிற பக்கத்தில் இருந்ததாம். இல்லாத புகை மணப்பது அதனால்தான் என்று அங்குள்ள டொக்டர் நிரோஜினிக்குப் படம் காட்டி விளங்கப்படுத்தினார். கொரோனாவில் போன மூக்கு வேறு, இது வேறு. முந்தியே கொண்டுவந்திருந்தால் என்று அவள் கேட்டாளாம். இந்த வகைக் கட்டிக்கு முந்தி, பிந்தி என்று பெரிய வித்தியாசம் இல்லையம்மா என்று அவர் சொன்னாராம். அவளுக்காகச் சொன்னாரோ, உண்மையோ, எனக்குத் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கட்டிலை யன்னலோரம் போட்டோம், கடற்காற்று வருமென்று. ஒரு பின்னேரம் நான் இவருக்கு வாய் துடைத்துவிட்டு எழும்ப, கையைப் பிடித்தார்.

"ராணி, அண்டைக்குக் கிளாஸில சாமான் இருந்ததோ?"

நான் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தேன்.

"உம்மைத்தான் கேக்கிறன்."

"இல்லை" என்றேன். "கழுவி வெயில்ல வைச்ச கிளாஸ்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"அது எங்கட புகை இல்லை. றப்பர் எரியிற புகை. கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவர முந்தியே வந்திட்டுது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதோ?"

"பின்ன ஏன் வந்திட்டுது எண்டு சொன்னனீங்கள்?"

இவர் சொன்னார்: "முதல் நானும் அதுதானாக்கும் எண்டு நினைச்சன். சொல்லி முடிக்கத்தான் விளங்கினது. அதுக்கிடையில நீர் நிலத்தில இருந்து அழத் தொடங்கியிட்டீர். செவ்வாய்க்குச் செவ்வாய் பட்டினி கிடந்த முகம். அதைப் பாத்துக்கொண்டு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

நான் வெறும் கிளாஸைக் கண்டும் பேசாமல் இருந்தேன். இவர் வேறு புகையை மணந்தும் பேசாமல் இருந்தார். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் இப்படி. நான் இவருடைய கையை என் முகத்தில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"போத்தலில இன்னும் இருக்கோ, மணம்?" என்று கேட்டார்.

"பாக்கட்டோ?"

"வேண்டாம். திறந்தால் குறைஞ்சுபோம். கிடக்கட்டும்."

பங்குனி உத்திரத்துக்கு முந்திய நாள் காலையில் இவருடைய மூச்சு நின்றது. கடைசிவரைக்கும் அந்த மணம் இவருக்குத் திரும்பவில்லை.

எட்டாம் நாள் வந்தது. தங்கரத்தினம் விடியவே மீனும் இறாலும் வாங்கி வந்தான். கூடவே கடதாசியில் சுற்றின ஒரு சாராயப் போத்தல்.

"அதென்னத்துக்கு?" என்றேன்.

"ஆம்பிளைக்கு எட்டுப் படைக்கேக்க வைக்கிறது வழமைதானே அக்கா. வைக்காட்டிச் சனம் கதைக்கும்."

"குடிக்காத மனிசனுக்குச் சாராயமோடா?"

"செத்தாப்பிறகு நேர்த்திக்கடன் ஏதக்கா? அதெல்லாம் உயிரோட முடிஞ்சுது. இந்தச் சாராயம்கூட வேண்டாம், அந்த டெட்டோலை வை. மனிசன் எத்தினை வருசமா மணந்து மணந்து ஏங்கினது. இண்டைக்காவது வாயில விடட்டும்."

நிரோஜினி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, அப்பா எனக்காக வைச்ச நேர்த்தி அது" என்றாள். "நான் உயிரோடதானே நிக்கிறன். எப்பிடி முடியும்?"

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. தம்பி சொன்னபடி வைத்தால் இவர் அம்மாளுக்குக் கொடுத்த சொல் போய்விடும். மகள் சொன்னபடி விட்டால், இந்த மனிதர் ஆசைப்பட்ட ஒரே ஒரு பொருள் இல்லாமல் இவருக்கு எட்டு முடிந்துவிடும். நான் இறாலை உரித்துக்கொண்டே யோசித்தேன். சோறு வடித்தேன், மீன் குழம்பு வைத்தேன், கருவாடு பொரித்தேன். பொழுது சாயும்போது குளித்துவிட்டு வந்து, மெஷின் பெட்டியைத் திறந்தேன்.

தலைவாழை இலையில் எல்லாவற்றையும் படைத்தேன். குடிப்பதற்கு இலைக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்தேன். இவருடைய படத்தைக் கதிரையில் வைத்திருந்தோம். ஒரு சின்னப் பலகையைக் கதிரைக் கைகளில் குறுக்கே போட்டு, கிளாஸை அதன்மேல் வைத்தேன். இலையில் இல்லை, வாய்க்கு நேரே இல்லை. படத்தில் மூக்கு இருக்கும் உயரத்துக்கு.

"இது குடிக்கிறதுக்கில்லை" என்றேன், அங்கே நின்றவர்களுக்கும் இவருக்குமாக. "மணக்கிறதுக்கு."

தங்கரத்தினம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தான். "அங்க போயும் மூக்காலதானோ அத்தான்" என்றான். சிரிக்கிறானோ அழுகிறானோ என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திராது. நிரோஜினி வந்து என் தோளில் முகத்தை வைத்தாள்.

போத்தலின் பொலித்தீனை அவிழ்த்தபோது தக்கை கையோடு உதிர்ந்தது. ஒரு மேசைக்கரண்டி அளவு விட்டேன். கையில் வைத்துச் சூடு காட்டினேன். மணம் மிகவும் மெலிந்திருந்தது. இருந்தும் இல்லாமல் போகவில்லை. இரண்டு துளி தண்ணீர் விட்டேன், ஒன்றுக்குப் பிறகு பொறுத்து மற்றது. சாம்பிராணிச் சட்டியை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம் என்று சொல்லி எடுப்பித்தேன், இந்தப் புகையை அந்தப் புகை மூடிவிடும் என்று. பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அந்த நேரத்தில்தான் செத்தவர் வந்து எடுப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. முற்றத்தில் இருந்தோம். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.

கதவைத் திறந்து சாப்பாட்டை எல்லோருக்கும் பகிர்ந்தோம். தங்கரத்தினம் தன் சாராயப் போத்தலை அவிழ்க்கவேயில்லை. விஸ்கிக் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தான்.

"அக்கா, இதை என்ன செய்யிறது?"

நான் சின்னப் புனலை எடுத்துவந்து, இவர் செய்கிறபடி, சொட்டு நிலத்தில் விழாமல் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினேன். கிளாஸைக் கழுவவில்லை. படத்துக்கு முன்னால் பலகையிலேயே விட்டேன்.

விடிய எழும்பி, முகம் கழுவி, விளக்கேற்றினேன். சாமியறைக் கதவை அன்று சாத்தவில்லை. வந்து கிளாஸை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் காய்ந்த ஒரு வட்டம் மட்டும். மூக்கருகில் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, மெல்ல இழுத்தேன்.

"சாம்பல்" என்றேன், படத்தைப் பார்த்து.

வழக்கம்போலப் பொறுத்தேன். "பிறகு?" என்று கேட்க ஆளில்லை. முற்றத்தில் யாரோ கூட்டுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கிளாஸை மூக்கில் வைத்தேன். தூரத்தில், மிகவும் தூரத்தில், அது இருந்தது.

"பிறகு பனங்கட்டி" என்றேன். "கொஞ்சம் கருகினது."